கடல் கடக்கும் ஆசிரியரும் மடிக்கணினியும்

வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்வது நம் கடற்கரை ஊர்களுக்குப் பழகிய மரபாகும். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குத் தோணிகள் சரக்கேற்றிச் சென்ற செய்தியை நம் முதியோர் நன்கறிவர். இன்று அதே திசையில் கல்வியைக் கொண்டு செல்வோரும் உளர். தமிழகத்துப் பட்டதாரிகள் பலர் மாலத்தீவுப் பள்ளிகளில் ஆசிரியராய்ப் பணியாற்றுகின்றனர். முன்பு சான்றிதழ்களும் சில நூல்களும் இருந்தால் பயணப்பெட்டி நிறைந்துவிடும். இன்றோ மடிக்கணினி ஒன்றும் அதில் இடம்பெறுகிறது. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் அறிந்த இளம் ஆசிரியர் ஒருவர், பயணத்திற்கு நான்கு நாள் முன்னர், அன்னையின் வளையல்களை அடகு வைத்து விலையுயர்ந்த மடிக்கணினி ஒன்றை வாங்கினார். பணியேற்ற தீவில் அதனைத் திறந்தபோது, ஆண்டுக்கணக்கில் அவர் சேர்த்து வைத்திருந்த தமிழ்ப் பாடக்குறிப்புகள் யாவும் பொருளற்ற குறியீடுகளாய்த் தோன்றின. இரண்டாம் மாதம் மின்னேற்றி பழுதுற்றது. அதற்காக அவர் படகேறித் தலைநகர் மாலேவுக்குச் செல்ல நேர்ந்தது. அடகு மீட்க வேண்டிய பணம் அவ்வழியே செலவாயிற்று. அவர் வாங்கிய கருவி தரத்தில் குறைந்ததன்று. வாங்குமுன் கேட்க வேண்டிய வினாக்களை அவர் கேட்கவில்லை; குறை அதுவே. அவ்வினாக்களை ஒவ்வொன்றாய் நாம் காண்போம்.

எதற்காக வாங்குகிறோம்?

1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆஸ்பார்ன் என்னும் சுமந்து செல்லும் கணினி ஏறத்தாழ 11 கிலோ எடையுடையது. அதன் திரை 5 அங்குலமே. இன்று ஒன்றரைக் கிலோ எடைக்குள் 14 அங்குலத் திரையுடைய கருவிகள் கிடைக்கின்றன. ஓர் ஆசிரியரின் தேவை யாது? பாடம் தயாரித்தல், வினாத்தாள் அமைத்தல், மதிப்பெண் பட்டியலிடுதல், வகுப்பில் படங்காட்டுதல், இல்லத்தாருடன் முகம் பார்த்துப் பேசுதல் ஆகியனவே. இவற்றிற்கு நடுத்தர விலைக் கருவியே போதுமானது. விளையாட்டுக்கென அமைந்த கருவிகள் எடையும் வெப்பமும் மிக்கவை. மின்கலத்தையும் விரைவில் தீர்ப்பவை.

உள்ளுறுப்புகளுள் இரண்டை மட்டும் உறுதி செய்துகொள்ளல் வேண்டும். நினைவகம் 8 ஜிகாபைட்டுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். 16 ஆயின் நன்று. சேமிப்பகம் சுழலும் வட்டாக இல்லாமல் எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலை வகையாய் இருத்தல் வேண்டும். அதில் அசையும் உறுப்புகள் இல்லாமையால் படகின் குலுக்கலைத் தாங்கும், வேகமும் மிகுதி. வகுப்பறை ஒளிவீழ்த்தியுடன் இணைக்க எச்.டி.எம்.ஐ. துளை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். மெல்லிய கருவிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அவ்வாறாயின் அதற்குரிய இணைப்பியை இங்கேயே வாங்கிக்கொள்ளுதல் அறிவுடைமை.

பழுதுற்றால் யார் பார்ப்பார்?

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளின் தொகுதி. அவற்றுள் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவே. எல்லாத் தீவிலும் பழுது நீக்குவோர் இருப்பர் என எதிர்பார்த்தல் இயலாது. எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் வினா, உத்தரவாதம் இந்தியாவிற்குள் மட்டும் செல்லுமா, பிற நாடுகளிலும் செல்லுமா என்பதாகும். ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள்ளும் இது வேறுபடும். வாய்மொழியை நம்பாது, உத்தரவாதச் சீட்டில் எழுதியிருப்பதைப் படித்தறிய வேண்டும். அத்துடன் கூடுதலாக ஒரு மின்னேற்றியும் உடன் இருக்குமாயின், நம் நண்பர் மேற்கொண்ட படகுப் பயணம் தேவைப்படாது.

மின்சாரமும் கடற்காற்றும்

மாலத்தீவின் மின்னழுத்தம் 230 வோல்ட். நம் நாட்டினதும் அதுவே. ஆதலால் மின்மாற்றி தேவையில்லை. ஆயினும் அங்குப் பெரிதும் வழங்குவது மூன்று செவ்வகக் கால்களையுடைய பிரித்தானிய வகைச் செருகி. நம் உருண்டைக் கால் செருகி அதில் நுழையாது. சிறு தொகைக்குக் கிடைக்கும் செருகி மாற்றி ஒன்று கைவசம் இருத்தல் நலம்.

ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று மின்னணுக் கருவிகளுக்குப் பகை. கருவியைத் திறந்த சாளரத்தருகே வைத்தல் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் பையினுள் இட்டு வைக்கலாம். விடுமுறையில் நெடுநாள் பயன்படுத்தாதிருப்பின், மின்கலத்தைப் பாதியளவு நிரப்பி அணைத்து வைத்தல் அதன் ஆயுளைக் காக்கும்.

எழுத்தின் சிக்கல்

தமிழ்த்துறையினராகிய நாம் சிறப்பாய்க் கருத வேண்டியது இது. நம் நண்பரின் குறிப்புகள் ஏன் சிதைந்தன? முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை அமைத்திருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முறையைப் பின்பற்றியது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குறிகளே தோன்றும். இதற்குத் தீர்வாக வந்ததே யூனிகோடு என்னும் ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. மாலத்தீவின் திவேகி மொழிக்குரிய தானா எழுத்து வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதுவும் ஒருங்குறியில் உண்டு. எனவே தமிழும் ஆங்கிலமும் திவேகியும் ஒரே ஏட்டில் சிதையாது நிற்கும்.

செய்ய வேண்டியது யாதெனில், பழைய எழுத்துருவில் உள்ள குறிப்புகளை மாற்றி மென்பொருள் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, புதிய கருவியில் திறந்து சரிபார்த்த பின்னரே புறப்பட வேண்டும். முக்கியமான ஏடுகளுக்கு மூன்று படிகள் வேண்டும். ஒன்று கருவியில், ஒன்று தனி வட்டில், மற்றொன்று இணையச் சேமிப்பிலோ இல்லத்தார் வசமோ இருக்கட்டும். சான்றிதழ்களின் படங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

பயணத்தின்போது

லித்தியம் மின்கலம் தீப்பற்றும் இயல்புடையது. ஆதலால் மடிக்கணினியைக் கைப்பையிலேயே கொண்டு செல்லல் வேண்டும். உதிரி மின்கலத்தைச் சரக்குப் பெட்டியில் வைத்தல் விதிக்குப் புறம்பானது. 100 வாட்-மணிக்கு உட்பட்ட மின்கலங்கள் அனுமதிக்கப்படுகின்றன. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இவ்வளவு கிடைக்கும். சான்றாக, 11.4 வோல்ட், 4.2 ஆம்பியர்-மணி எனில் ஏறத்தாழ 48 வாட்-மணி. வாங்கிய பட்டியலையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். உத்தரவாதம் கேட்கும்போது அதுவே சான்று.

நிறைவாக

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னரே கருவியை வாங்குதல் வேண்டும் என்பது நம் கருத்து. குறைகள் பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வெளிப்படும். கடை அருகிலிருக்கும்போதே அவற்றைத் தீர்த்துக்கொள்ளலாம். அம்மாதத்திலேயே முதற்பருவப் பாடங்களையும் அதில் ஆயத்தம் செய்துவிடலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வெளிநாடு புறப்படுகையில், சிறந்ததை வாங்கிக் கொடுக்க வேண்டுமென்ற அன்பினால் கடன்படுவதைத் தவிர்ப்பீராக. முதல் ஊதியம் கைக்கு வரும்வரை உணவுக்கும் உறைவிடத்திற்கும் பணம் தேவைப்படும். கருவிக்கென ஒதுக்கியதில் மிச்சப்படுவது அதற்கு உதவும்.

நம் நண்பர் இன்றும் அத்தீவிலேயே பணியாற்றுகிறார். வளையல்கள் ஓராண்டு கழித்தே மீண்டன. குறிப்புகள் சிதைந்திருந்த அம்முதல் வாரங்களில் சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் கொண்டே பாடம் நடத்தியதாகவும், மாணவர்கள் குறையொன்றும் கூறவில்லை என்றும் அவர் நம்மிடம் கூறினார். மாணவச் செல்வங்களே! நல்ல கருவியைத் தேர்ந்து வாங்குங்கள்; அது இல்லாத நாளிலும் கற்பிக்கும் ஆற்றலை இக்கல்லூரியிலேயே ஈட்டிச் செல்லுங்கள்.