கோவாலாவுக்குப் பாட்டிலில் தண்ணீர் கொடுக்கலாமா?

2019 இறுதியில் ஆஸ்திரேலியா பற்றி எரிந்தபோது அந்தக் காணொளி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். தாகத்தில் தவித்த ஒரு கோவாலா, யாரோ நீட்டிய பாட்டிலைப் பற்றிக்கொண்டு மடக் மடக்கென்று குடிக்கிறது. பார்த்தவர்களுக்குக் கண்ணைக் கலக்கியது. வனவிலங்கு மருத்துவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. தனக்கு வேண்டிய நீரைப் பெரும்பாலும் இலையிலிருந்தே எடுத்துக்கொள்ளும் விலங்கு அது. குடித்தாலும் தலையைத் தாழ்த்தி நக்கித்தான் குடிக்கும். அண்ணாந்த வாயில் பாட்டிலைக் கவிழ்த்தால் நீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் முடியலாம். கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வையுங்கள் என்று மீட்புக் குழுக்கள் அந்தக் கோடை முழுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தன.

‘கறுப்புக் கோடை’ என்று அங்கே பெயர் பெற்ற அந்தக் காட்டுத்தீயில் 33 பேர் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. உலக வனவிலங்கு நிதியத்துக்காக விஞ்ஞானிகள் போட்ட கணக்கின்படி, ஏறத்தாழ 300 கோடி விலங்குகள் செத்தன அல்லது இருப்பிடம் இழந்தன. அதில் பாம்பு, பல்லி, ஓணான் வகையறா மட்டும் 246 கோடி. அவற்றுக்கு யாரும் காணொளி எடுக்கவில்லை.

தீ அணைந்ததும் யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் போய்விட முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் காட்டு விலங்கைப் பராமரிக்க அனுமதி வேண்டும். உரிமம் பெற்ற அமைப்பில் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும். தீயணைப்புத் துறை வழிவிட்ட பிறகுதான் எரிந்த பகுதிக்குள் காலடி வைக்கலாம். உள்ளுக்குள் வெந்துபோன மரம், காற்றே இல்லாதபோதும் சாயும். பழவௌவால்களைத் தொடுவதற்குத் தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி, ஏனென்றால் அவை லிசா வைரஸைச் சுமக்கக்கூடும்.

தேடுவதும் தனி வித்தை. தீயைக் கண்டால் கோவாலா ஓடாது, மரத்தின் உச்சிக்கு ஏறும். உச்சியில் தப்பித்தாலும், கனன்றுகொண்டிருக்கும் அடிமரத்தைப் பற்றி இறங்கும்போது உள்ளங்கால் வெந்துபோகும். இவற்றைக் கண்டுபிடிக்க ‘பேர்’ என்ற நாயைக் கூட்டிப்போனார்கள். ஓயாத துறுதுறுப்பால் வளர்த்தவர்கள் வேண்டாமென்று விட்ட நாய் அது. சூடான தரையில் கால் சுடாமல் இருக்கக் காலுறை மாட்டிக்கொண்டு, உயிரோடிருக்கும் கோவாலாவின் வாசத்தை மோந்து காட்டியது. கங்காருவைப் பிடிப்பது இன்னும் சிக்கல். துரத்தினால் அச்சத்திலேயே அதன் தசைகள் சிதையும்; பிடிபட்டு, காயத்துக்குக் கட்டுப் போட்டு, சில நாள் கழித்து அதனாலேயே செத்துப்போகும். ஆகவே தொலைவிலிருந்து மயக்க ஊசி.

செத்துக் கிடக்கும் தாய்க் கங்காருவைப் பார்த்தால் முதலில் அதன் வயிற்றுப்பையைச் சோதிக்க வேண்டும். உள்ளே ரோமம் முளைக்காத குட்டி காம்பைக் கவ்வியபடி இருக்கலாம். பிடித்து இழுத்தால் வாய் கிழியும். தாயின் காம்பையே நறுக்கி, குட்டியோடு சேர்த்து எடுப்பார்கள். பிறகு அந்தக் குட்டி யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில், நாற்காலி முதுகில் தொங்கும் துணிப்பைக்குள், மின்சூட்டில் வளரும். பசும்பால் ஒத்துக்கொள்ளாது, தனிப் பால்மாவு. சில மணிக்கொரு தரம் புட்டி, ராத்திரியிலும்தான். பால் குடித்ததும் ஈரத் துணியால் தடவிக் கழிக்கவைத்து, நனைந்த பையை மாற்ற வேண்டும். இது மாதக்கணக்கில் ஓடும். வளை தோண்டி வாழும் வாம்பட் என்ற பிராணியின் குட்டியானால் ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். மீட்புப் பணி என்பது பெரும்பங்கு துணி துவைப்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பைகளை உலகமெங்கும் கைவேலை தெரிந்தவர்கள் தைத்தும் பின்னியும் அனுப்பினார்கள். தேவைக்கு மேல் குவிந்து, போதும் என்று கையெடுத்துக் கும்பிடும் நிலை வந்தது.

1973 முதல் இயங்கும் போர்ட் மெக்குவாரி கோவாலா மருத்துவமனை, காட்டில் தண்ணீர்த் தொட்டிகள் வைக்க 25,000 டாலர் கேட்டது. வந்தது 70 லட்சத்துக்கும் மேல். ஆனால் பணத்தால் தீராத வேலை ஒன்று இருந்தது: இலை. கோவாலா யூகலிப்டஸ் இலையன்றி வேறெதுவும் தின்னாது என்றே சொல்லலாம், அதிலும் எல்லா வகையையும் தொடாது. தினமும் புதிதாக, கட்டுக் கட்டாக வெட்டி வந்து வைத்தால் முகர்ந்து பார்த்து ஒதுக்கும். நமக்கு நீலகிரித் தைலமாகத் தெரிந்த அதே எண்ணெய்தான் இவற்றின் உணவிலும் இருக்கிறது, அந்தக் காடுகளை அப்படிக் கொழுந்துவிட்டு எரியவும் வைக்கிறது. இலை தின்னும் நோயாளிக்கு மயக்கம் கொடுத்து, பாதத்தில் தீக்காயக் களிம்பு தடவிக் கட்டுப் போடுவார்கள். விழித்ததும் கட்டைக் கடித்துப் பிய்க்கும், மறுபடி போடுவார்கள்.

எல்லாம் பிழைத்துவிடுவதில்லை. ஒரு பெண் தன் மேல்சட்டையைக் கழற்றிச் சுற்றித் தீயிலிருந்து தூக்கிவந்த ‘லூயிஸ்’ என்ற கோவாலாவை உலகமே பார்த்தது. காயம் ஆறாது என்று தெரிந்ததும், 2019 நவம்பர் 26 அன்று மருத்துவமனை அதைக் கருணைக்கொலை செய்தது. மரமேற முடியாத கோவாலாவை வலியோடு வைத்திருப்பதைவிட அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எரியாமல் தப்பியவற்றுக்கும் பசி இருந்தது. பாறை இடுக்குகளில் உயிர்பிழைத்த வாலபி என்ற சிறு கங்காரு வகைக்காக நியூ சவுத் வேல்ஸ் அரசு 2020 ஜனவரியில் வானிலிருந்து கேரட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொட்டியது. கங்காரு தீவில் மிஞ்சிய டன்னார்ட் என்ற எலியளவுப் பிராணிக்கு வேறு ஆபத்து: ஒளியப் புதரில்லாத நிலத்தில் காட்டுப்பூனைகளின் வேட்டை. அதற்கு மருந்தோ பாலோ பயன்படாது; பூனை ஏற முடியாத வேலி கட்டினார்கள்.

போர்ட் மெக்குவாரியில் கிடந்த ‘ஆன்வென்’ என்ற பெண் கோவாலா 2020 ஏப்ரலில் காட்டுக்குத் திரும்பியது. கூண்டைத் திறந்ததும் மரத்தில் ஏறிக்கொண்டது. தீயில் கருகிய அந்தக் காட்டின் மரங்களில், பட்டையைப் பிளந்துகொண்டு புது இலைகள் அப்போது கொத்துக் கொத்தாக விட்டிருந்தன.