காய்ச்சிய இரும்பில் பிறந்த சொல்

இடிபாட்டுக்குள் சிக்கியவர் இரண்டு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டால், ஆங்கிலச் செய்தியில் பெரும்பாலும் 'ஆர்டீல்' என்ற சொல் வந்துவிடும். அகராதியைப் புரட்டினால் 'கடுந்துன்பம்' என்றிருக்கும். அது தவறில்லை, ஆனால் பாதிப் பொருள்தான்.

இந்தச் சொல் முதலில் குறித்தது தீர்ப்பை. பழைய ஆங்கிலத்தில் 'ஓர்டால்' என்றால் பங்கிட்டு அளிக்கப்படுவது, அதாவது தீர்ப்பாக வழங்கப்படுவது. சீட்டுக்கட்டைப் பிரித்துப் போடுவதைச் சொல்லும் 'டீல்' இதற்கு நெருங்கிய உறவு. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான 'உர்டைல்' இன்றும் நீதிமன்றத் தீர்ப்பையே குறிக்கிறது.

தீர்ப்பு துன்பமாக மாறிய கதை கொடியது. சாட்சி கிடைக்காத வழக்கில் கடவுளே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அன்றைய இங்கிலாந்தில் விட்டுவிடுவார்கள்; அதற்கான சடங்குக்கும் 'ஓர்டால்' என்றே பெயர். குற்றம் சாட்டப்பட்டவர் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். பிறகு கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது புண் ஆறிவந்தால் நிரபராதி. சீழ் வைத்திருந்தால் குற்றவாளி. கொதிக்கும் தண்ணீரில் கைவிட்டுக் கல்லை எடுக்கச் சொல்வதும் உண்டு. குளிர்ந்த நீரில் இறக்குவது இன்னொரு முறை. மந்திரித்த நீர் உள்ளே ஏற்றுக்கொண்டால், அதாவது மூழ்கினால், அவர் குற்றமற்றவர். மிதந்தால் தொலைந்தார்.

1215இல் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம், பாதிரியார்கள் இந்தச் சடங்குகளை மந்திரித்து நடத்தக் கூடாது என்று தடை விதித்தது. பாதிரியார் இல்லாமல் சடங்குக்கு மதிப்பேது? சில ஆண்டுகளில் இங்கிலாந்து இதைக் கைவிட்டு, ஜூரி விசாரணைக்கு மாறியது. வழக்கம் போயிற்று, சொல் மட்டும் தங்கிவிட்டது. 17ஆம் நூற்றாண்டு முதல் அது ஒருவரின் உடலையும் மனத்தையும் வதைக்கும் எந்த அனுபவத்துக்கும் பொருந்தும் சொல்லாயிற்று.

நமக்கும் இத்தகைய சடங்கு அந்நியமல்ல. சுசீந்திரம் கோயிலில் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்யும் 'கைமுக்கு' நடந்துவந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள்தான் 19ஆம் நூற்றாண்டில் அதை ஒழித்தார். அக்கினிப் பரீட்சை என்ற தொடரும் இதே வழியில் வந்ததுதான்.

எனவே 'ஆர்டீல்' என்பதற்கு என் கணிப்பில் மிகப் பொருத்தமான தமிழ், 'சோதனை'. தங்கத்தை உரசிப் பார்ப்பதும் சோதனை, "தெய்வமே, எனக்கு ஏன் இந்தச் சோதனை?" என்று அழுவதும் சோதனை. பரிசோதிப்பதும் துன்புறுவதும் தமிழிலும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.

பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் படும் பாட்டையும் ஆங்கில ஏடுகள் 'ஆர்டீல்' என்ற இதே சொல்லால்தான் எழுதுகின்றன. பழைய சடங்கில் உடலால் உண்மையை மெய்ப்பிக்கும்படி கேட்கப்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவர். இங்கே அப்படிக் கேட்கப்படுபவர் குற்றத்துக்கு இரையானவர். அந்தப் பெண்கள் பாலுறவுக்குப் பழகியவர்களா என்று பார்க்க நடத்தப்பட்ட 'இரு விரல் பரிசோதனை' அவர்களின் அந்தரங்க உரிமையையும் கண்ணியத்தையும் மீறுவது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. அதன் பிறகும் அது நிற்கவில்லை. 2022இல் அதே நீதிமன்றம், அதை நடத்துபவர் எவராயினும் ஒழுங்கீனக் குற்றம் புரிந்தவராவார் என்று மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.