பழைய ஆண்ட்ராய்டு போனை 'ரூட்' பண்ணலாமா? நெல் காசு வரும் போனில் ஏன் வேண்டாம்?

குறுவை நெல்லை நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டாச்சு. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். வந்துவிட்டதா என்று தஞ்சாவூர் பக்கத்து விவசாயி பார்ப்பது கையில் இருக்கும் செல்போனில்தான். உழவன் செயலி, பிஎம் கிசான், யுபிஐ எல்லாம் அதே போனில். அது பழசாகித் திணறும்போது வீட்டுப் பையன் சொல்வான்: "மாமா, ரூட் பண்ணிட்டா புதுசு மாதிரி ஓடும். நெட்ல ஒரு டூல் இருக்கு!" பண்ணலாமா?

ரூட் என்றால் என்ன?

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்து விடுவது நீர்வளத் துறை. நம் வயல் மடையை நாம் திறக்கலாம், மூடலாம். கல்லணை ஷட்டரில் கை வைக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு செயலிக்கும் தனி வயல், தனி வரப்பு. ஒன்றின் ரகசியத்தை இன்னொன்று எடுக்க முடியாது. இந்த ஷட்டர் சாவியை நாமே கையில் எடுப்பதுதான் ரூட்.

சாவி கிடைத்தால், கம்பெனி போட்டு அனுப்பிய, அழிக்கவே முடியாத செயலிகளையும் நீக்கலாம். விளம்பரங்களைத் தடுக்கலாம். போனின் வேகத்தைக்கூட மாற்றி அமைக்கலாம். ஆசைப்படக் காரணம் இருக்கிறது.

சோதனை டூல் எப்படி வேலை செய்கிறது?

ரூட் செய்ய இரண்டு வழி. ஒன்று, கம்பெனி அனுமதிக்கும் போனில் பூட்லோடர் பூட்டைத் திறந்து, 2016-ல் வந்த 'மேஜிஸ்க்' போன்ற மென்பொருளைப் போடுவது. பூட்டைத் திறக்கும்போதே போனில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்.

இன்னொன்று குறுக்கு வழி. ஆற்றங்கரையில் நண்டு வளை இருந்தால் தண்ணீர் அதில் புகுந்து கரையை உடைக்கும் அல்லவா? அதேபோல ஆண்ட்ராய்டில் இருக்கும் பிழைக்குள் புகுந்து சாவியை எடுப்பவைதான் இந்த சோதனை டூல்கள். 2014 ஜூனில் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட 'டவல்ரூட்' அப்படி ஒன்று. லினக்ஸ் கெர்னலில் இருந்த பிழையைப் பிடித்து, ஒரே பட்டனில் கேலக்ஸி எஸ்5 உட்பட பல போன்களை ரூட் செய்தது.

அதே வளைக்குள் திருடனும் வந்தான்

2016-ல் 'காட்லெஸ்' என்ற வைரஸை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டுபிடித்தது. டவல்ரூட் பயன்படுத்திய அதே பிழை உட்பட சில ஓட்டைகள் வழியாக அது போனை ரூட் செய்து, உரிமையாளருக்குத் தெரியாமலே செயலிகளை நிறுவியது. உலகம் முழுவதும் 8.5 லட்சம் போன்களுக்கு மேல் சிக்கின. அதில் ஏறக்குறைய பாதி இந்தியாவில்!

அந்தப் பிழை பிறகு சரிசெய்யப்பட்டது. ஆனால் அப்டேட் வராத பழைய போனில் வளை அடைபடாமலே கிடக்கும்.

ரூட் செய்தால் என்ன போகும்?

* பல வங்கி, யுபிஐ செயலிகள் ரூட் செய்த போனில் திறக்க மறுக்கும்.
* ரூட் அனுமதி வாங்கிய ஒரு கெட்ட செயலி, வரும் ஓடிபி முதல் மற்ற செயலிகளின் தகவல் வரை எல்லாவற்றையும் பார்க்கலாம்.
* டூல் பாதியில் நின்றால் போன் டெட் ஆகலாம்.
* வாரண்டி போகலாம். சாம்சங் போனில் 'நாக்ஸ்' பாதுகாப்பு ஒருமுறை உடைந்தால், மறுபடி பழைய மென்பொருளைப் போட்டாலும் சரியாகாது.

அப்போ என்னதான் செய்வது?

போன் ஸ்லோவாக இருந்தால் முதலில் தேவையில்லாத செயலிகளையும் வாட்ஸ்அப் வீடியோக்களையும் அழியுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால், போட்டோ, நம்பர்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யலாம். செட்டிங்ஸில் அப்டேட் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை, 'பிஎம் கிசான்' என்று பெயர் இருந்தாலும், தொடாதீர்கள்.

ரூட் கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவர்கள், சிம் இல்லாத, வங்கிக் கணக்கு இணைக்காத பழைய போனில் செய்து பார்க்கலாம். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன் யுபிஐ செயலி திறக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா? உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு.