எறிபவரை நெருங்கும் கலை: அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இளம் தடுப்பாட்டக்காரர்



பென்டில் ஹில்லிலும் அதனைச் சூழ்ந்த வென்ட்வேர்த்வில், துங்காபி, பரமட்டா ஆகிய இடங்களிலும் வளரும் எமது பிள்ளைகளுக்கு றக்பி புதியதன்று. ஆயின் அண்மைக் காலமாக அவர்களிற் சிலர் அமெரிக்க உதைபந்தாட்டத்தைப் பற்றியும் ஆர்வத்தோடு பேசத் தொடங்கியுள்ளனர். அதற்குக் காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நியூ ஓர்லியன்ஸ் நகரில் நடைபெற்ற சூப்பர் போல் இறுதியாட்டத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி, கன்சாஸ் சிற்றி சீஃப்ஸ் அணியை 40–22 என்ற புள்ளிக்கணக்கில் வென்றது. வென்ற அணியின் முன்வரிசையில் நின்ற ஜோர்டன் மைலாட்டா என்பவர் எமது சிட்னியின் பாங்ஸ்டவுனில் பிறந்தவர்.

இவ்வெற்றியைப் பற்றி வகுப்பு இடைவேளையிற் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் என்னிடம், "சேர், எனக்குப் பெரிய உடம்பு இல்லை. நான் இந்த விளையாட்டிலே தடுப்பாட்டக்காரனாக வர முடியுமா?" என்று கேட்டார். மகனை அழைத்துச் செல்ல வந்திருந்த தாயார், "தலையிலே அடிபடுகிற விளையாட்டு இவனுக்கு எதற்கு?" என்று கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டத்தின் அமைப்பு

பெயரிலே உதைபந்து என்றிருப்பினும், இவ்வாட்டத்திற் காலால் உதைப்பது குறைவு. கையால் எறிவதும் ஏந்தி ஓடுவதுமே மிகுதி. ஓர் அணிக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் வழங்கப்படும். அந்நான்கிற்குள் குறைந்தது 10 யார், அதாவது ஏறத்தாழ 9 மீற்றர், முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். களம் முழுவதும் குறுக்குக் கோடுகள் இடப்பட்டிருப்பதால் இந்நாட்டில் இதனைக் 'கிரிட் அயன்' என்றும் அழைப்பர். ஊரிலே கிளித்தட்டு விளையாடிய பெற்றோருக்கு இக்கோடுகளின் பொருள் எளிதில் விளங்கும். ஒவ்வொரு கோடும் கடக்கப்பட வேண்டிய ஓர் எல்லையாகும்.

பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906ஆம் ஆண்டிலே விதிகள் இடமளித்தன. அதன்பின் எறிபவர், அதாவது 'குவாட்டர்பேக்', காலப்போக்கில் ஆட்டத்தின் நடுநாயகமானார். அவருக்கு முன்னே ஐந்து பேருடல் வீரர்கள் சுவர்போல நின்று காவல் புரிவர். இவர்களை இக்கட்டுரையிற் காவலர் என்போம். எதிரணியின் முன்வரிசையினர் அச்சுவரைக் கடந்து எறிபவரை நெருங்க முயல்வர். இவர்களைப் பாய்வோர் என்போம். எறிபவர் பந்தை விடுவதற்கு முன்னர் அவரைப் பிடித்து வீழ்த்திவிட்டால் அதற்குச் 'சாக்' என்று பெயர். அவ்வாறு வீழ்த்தினால் எதிரணி முன்னேறாதது மட்டுமன்றி, பெற்ற தூரத்தையும் இழந்து பின்வாங்குகின்றது.

எறிபவர் பந்தைப் பெற்று, நண்பரைத் தேடி, எறிந்து முடிக்க ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று வினாடிகளே ஆகும். பாய்வோரின் கலை முழுவதும் இந்தச் சிறு பொழுதுக்குள் அடங்கிவிடுகின்றது.

முதலடி

பாய்வோருக்கு முதலிற் கற்பிக்கப்படுவது புறப்படும் முறையாகும். ஒரு கையை நிலத்தில் ஊன்றி, இடுப்பைச் சற்று உயர்த்தி, உடற்பாரத்தை முன்னே சாய்த்து அவர் காத்திருப்பார். எறிபவர் உரத்த குரலிற் குறிச்சொற்களைக் கூவுவார். அக்குரலை நம்பிப் பாய்ந்தால் ஏமாற நேரிடும். ஏனெனில் அவர் வேண்டுமென்றே குரலை மாற்றி மாற்றிக் கூவுவார். பந்து அசையுமுன் பாய்வோர் கோட்டைக் கடந்து பாய்ந்தால் 5 யார் தண்டனையும் உண்டு. ஆகவே காதை அடக்கிக் கண்ணைத் திறந்து, பந்து அசையும் கணத்தையே நோக்கியிருத்தல் வேண்டும். "பதறாத காரியம் சிதறாது" என்று எமது மூத்தோர் கூறியது இங்கு அப்படியே பொருந்தும்.

இதனாலேயே பயிற்றுநர் இளம் பாய்வோரைச் சோதிக்கும்போது, 40 யார் ஓட்டத்தின் மொத்த நேரத்தைவிட அதன் முதல் 10 யாருக்கு எடுத்த நேரத்தையே உற்று நோக்குவர். பாய்வோர் நெடுந்தூரம் ஓடுவது அரிது. அவருக்கு வேண்டியது வெடித்துப் புறப்படும் வேகமாகும்.

கைகளும் உடற்சாய்வும்

காவலரின் வலிமை அவருடைய கைகளில் உள்ளது. அவர் தம் இரு உள்ளங்கைகளையும் பாய்வோரின் மார்பிற் பதித்துவிட்டால் ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். எனவே கைகள் பதியுமுன் அவற்றைத் தட்டிவிடப் பழக வேண்டும். நேரே மார்பை நோக்கிச் செல்லாது ஒரு தோளை மட்டும் குறிவைத்துச் சென்றால், காவலர் தம் இரு கைகளையும் ஒருசேரப் பயன்படுத்த இயலாது. பெரிய சுவரின் நடுவை இடிப்பதைவிட அதன் ஓரத்தைக் கடப்பது எளிதன்றோ?

இதற்கெனப் பல உத்திகள் உள்ளன. ஒன்று, தாழ்ந்து சென்று காவலரையே பின்தள்ளி எறிபவர்மீது சாய்ப்பது. காளை முட்டுவது போன்றதாகையால் அதற்கு அப்பெயரே வழங்குகின்றது. இன்னொன்று, காவலரின் தோளை ஒரு கையால் தட்டி, மறுகையை நீச்சலடிப்பதுபோல அவருக்கு மேலாகக் கொண்டுசென்று நழுவுவது. மூன்றாவது, கையைக் காவலரின் அக்குளுக்குக் கீழாகச் செலுத்தி மேல்நோக்கிக் கிழிப்பதுபோல எழுப்பிக் கடப்பது. நான்காவது, அவர் ஒரு பக்கம் சாய்ந்த கணத்தில் உடலைச் சுழற்றி மறுபக்கம் செல்வது.

இவை யாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. தாழ்ந்து நிற்பவரே வெல்வார். உடலின் பாரமையம் தாழ்ந்திருப்பவரைத் தள்ளுவது கடினம். அவரோ உயர்ந்து நிற்பவரை எளிதிற் கிளப்பிவிடுவார். இதில் உயரங் குறைந்தவருக்கு இயற்கையே ஒரு துணையை அளித்திருக்கின்றது. அவ்வாறே காவலரைச் சுற்றி ஓடும்போது, வளைவிலே உட்புறமாகச் சாயும் மோட்டார் சைக்கிள் போல, உடலைச் சாய்த்தும் வேகத்தைக் குறைக்காதும் ஓடப் பழக வேண்டும். அதற்குக் கணுக்காலின் வளைந்து கொடுக்கும் தன்மை தேவை. அது பிறப்பினால் மட்டுமன்றி நாள்தோறும் செய்யும் பயிற்சியினாலும் வளர்வது.

தோல்வியும் கூட்டுமுயற்சியும்

தேர்ந்த காவலர் முதல் உத்தியை உடனே கண்டுகொள்வார். எனவே இரண்டாவது உத்தி முதலாவதன் தொடர்ச்சியாக அமைய வேண்டும். கிளித்தட்டில் மறிப்பவரை வலப்புறம் ஏமாற்றி இடப்புறம் பாய்வோமே, அதே அறிவுதான் இது. வெளிப்புறமாக இருமுறை ஓடிக் காட்டிவிட்டு, மூன்றாம் முறை உட்புறமாகத் திரும்புவது அனுபவசாலிகளின் வழக்கம்.

எனினும் பெரும்பாலான பாய்ச்சல்கள் தோல்வியிலேயே முடியும் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். இத்துறையில் எவரும் எட்டாத சாதனைக்கு உரியவர் புரூஸ் ஸ்மித். 1985 முதல் 2003 வரை 19 பருவங்களில் 279 ஆட்டங்கள் ஆடி அவர் பெற்றவை 200 'சாக்'குகள். ஆட்டத்திற்கு ஒன்றுகூட இல்லை! ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் மீண்டும் மீண்டும் பாய்ந்திருப்பார். ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் தடுக்கப்பட்டிருப்பார். ஆயினும் அடுத்த முறையும் அதே வேகத்தோடு புறப்பட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அன்றியும் இது தனியொருவரின் வேலையன்று. ஒருவர் வெளிப்புறமாகச் சென்று எறிபவர் தப்பியோடும் வழியை அடைக்க, இன்னொருவர் உட்புறமாக அவரை நெருக்குவார். மேலே குறிப்பிட்ட 2025 இறுதியாட்டத்தில் ஈகிள்ஸ் அணி பின்வரிசையிலிருந்து மேலதிக வீரர்களை அனுப்பவில்லை. முன்வரிசையினரைக் கொண்டே எதிரணியின் எறிபவரை ஆறு முறை வீழ்த்தியது. முன்னே நின்றவர் தத்தம் கடமையைச் சரிவரச் செய்ததால், ஏனையோர் பின்னே நின்று பந்தைப் பிடிப்போரைக் காக்க முடிந்தது.

ஆற்றலை அளப்பது எவ்வாறு?

இனி அம்மாணவரின் கேள்விக்கு வருவோம். அமெரிக்கத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் இளம் வீரர்களை வரிசையாகத் தெரிவு செய்கின்றன. உயரம், எடை, கையின் நீளம், ஓட்ட வேகம் அனைத்தும் அளக்கப்படுகின்றன. அவ்வளவு அளந்தும் அவர்கள் தவறுவதுண்டு. 1961ஆம் ஆண்டில் டீக்கன் ஜோன்ஸ் என்பவர் பதினான்காம் சுற்றில், 186ஆவது ஆளாகவே தெரிவு செய்யப்பட்டார். பின்னர் அவர் வரலாற்றின் தலைசிறந்த பாய்வோருள் ஒருவரானார். 'சாக்' என்ற சொல்லைப் பரவச் செய்தவரும் அவரே. 1990ஆம் ஆண்டில் ஜோன் ராண்டில் என்பவரை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. தடுப்பு வரிசையின் நடுவில் நிற்க அவருடைய உடல் போதாது என்று கருதினர். அவர் 137½ 'சாக்'குகள் பெற்று, 2010ஆம் ஆண்டில் அவ்வாட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி என்பதாலேயே அந்த அரை வந்தது.

எமது நாட்டிலும் சான்று உண்டு. மெல்பேணில் வளர்ந்த அடம் கொட்சிஸ், மொனாஷ் வொரியர்ஸ் என்ற உள்ளூர்க் கழகத்திலே இவ்வாட்டத்தைக் கற்றார். அங்கிருந்து அமெரிக்காவின் ஜோர்ஜியா ரெக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இறுதிப் பருவத்தில் முழங்காற் சவ்வு கிழிந்தது. ஆயினும் 2016ஆம் ஆண்டு டென்வர் புரோங்கோஸ் அணி அவரை இரண்டாம் சுற்றில், 63ஆவது ஆளாகத் தெரிவு செய்து தடுப்பு வரிசையில் நிறுத்தியது.

பாங்ஸ்டவுன் மைலாட்டாவின் கதை இதற்கு மறுபுறமானது. அவர் பாய்வோரல்லர், அவர்களைத் தடுக்கும் காவலர். 203 சென்ரிமீற்றர் உயரமும் அதற்கேற்ற பருமனும் உடையவர். றக்பி மட்டுமே ஆடியிருந்த அவரை 2018இல் ஈகிள்ஸ் அணி ஏழாம் சுற்றில், 233ஆவது ஆளாகத் தெரிவு செய்தது. அதற்குமுன் அவர் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடியதில்லை. 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் பருவ ஆட்டம் எதிலும் அவர் களமிறங்கவில்லை. கால் வைக்கும் விதத்தையும் கை நீட்டும் நேரத்தையும் தொடக்கத்திலிருந்து கற்றபின், 2020இலேயே முதன்முதலாக ஆடினார். அத்துணை பெரிய உடலும் அவருக்குக் கற்றலிலிருந்து விலக்கு அளிக்கவில்லை.

மாணவர்களே, பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருவர் விரைந்து வளர்வார். மற்றவர் மெதுவாக வளர்வார். அன்று பெரியவராக இருப்பவர் எடையாலேயே வென்று, நுட்பத்தைக் கற்காது விட்டுவிடுவதுண்டு. சிறியவரோ வேறு வழியின்றிக் கையையும் காலையும் கண்ணையும் பழக்குவார். ஐந்தாண்டுகளின் பின் உடல் ஒத்த நிலைக்கு வரும்போது, நுட்பம் உடையவரே முந்துவார். ஆகவே இளமையில் ஒருவரது ஆற்றலை அளக்க விரும்பினால், அவர் எவ்வளவு பெரியவர் என்று பாராது, சென்ற மாதம் அறியாத எதனை இந்த மாதம் கற்றுள்ளார் என்று பார்த்தலே பொருத்தமாகும்.

பெற்றோரின் அச்சம்

அத்தாயாரின் அச்சத்தை அலட்சியம் செய்தல் ஆகாது. முற்காலத்தில் டீக்கன் ஜோன்ஸ் காவலரின் தலையில் அறைந்து கடப்பதில் வல்லவராக இருந்தார். அம்முறை 1977இல் தடை செய்யப்பட்டது. தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி, பிற்காலத்தில் மூளையைப் பாதிக்கக்கூடும் என்பது இன்று மருத்துவ உலகம் கவலையோடு ஆராயும் விடயமாகும். அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவகம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டல்களின்படி, மூளை அதிர்ச்சிக்கு உள்ளான 19 வயதுக்குட்பட்ட ஒருவர், மோதல் நிகழும் போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். றக்பி ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. "ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று பிள்ளை கூறினாலும், தலையில் அடிபட்ட அன்று களத்துக்கு அனுப்பாதீர்கள்.

மோதல் இன்றியே இக்கலையைத் தொடங்கவும் வழியுண்டு. இடுப்பிற் கட்டிய கொடித்துணியைப் பறித்தெடுக்கும் 'ஃபிளாக்' உதைபந்தாட்டம் அதுவாகும். அதில் எவரையும் வீழ்த்துதல் இல்லை. பாய்வோர் ஏழு யார் பின்னிருந்து புறப்பட்டு, எறிபவரின் கொடியைப் பறிக்க முயல்வார். பந்து அசைவதைக் காணும் கண், வெடித்துப் புறப்படும் முதலடி, வளைந்து ஓடும் சாய்வு, ஏமாற்றித் திரும்பும் அறிவு ஆகியவை அங்கும் வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸில் 2028ஆம் ஆண்டு நடைபெறும் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பாலாருக்கும் இவ்வாட்டம் சேர்க்கப்பட்டுள்ளது. எமது பெண்பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு என்பதை மகிழ்வோடு குறிப்பிடுகின்றேன்.

ஆகவே இருவர்க்கும் என் விடை இதுவே. தாயாரே, கொடி பறிக்கும் ஆட்டத்தோடு தொடங்கட்டும். தலைக்குக் காவலாக நீங்கள் இருங்கள். தம்பி, உன் உடம்பு வளரும் காலத்தில் வளரட்டும். அதுவரை உன் முதலடியைப் பழக்கு. தடுக்கப்பட்ட பின்னும் அடுத்த முறை அதே வேகத்தோடு புறப்படு. அதைச் செய்ய எந்த உடம்பும் போதும்.