இரண்டு ஆல்பங்கள்: பயணப் புகைப்படத்தில் நிலமும் மனிதரும்

"கொஞ்சம் தள்ளி உக்கார்றீங்களாம்மா, சர்ச் மறையுது" என்று சொன்னேன். தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்துக்கு முன்னால். சிப்பி மாலை விற்றுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, எங்க வீட்டு முன்னால நின்னுக்கிட்டு என்னையவே தள்ளிக்கிறச் சொல்றிய?" கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தள்ளியும் உட்கார்ந்துகொண்டார். நான் எடுத்தேன். சுவர், மணல், வானம். நல்ல படம்.

அந்த 'நல்ல' என்கிற சொல்தான் ஊர் திரும்பிய பிறகும் உறுத்திக்கொண்டிருந்தது. அவர் விலகினால்தான் படம் நன்றாக இருக்கும் என்பதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. காலண்டர், சுற்றுலாச் சுவரொட்டி, இப்போது செல்போனில் ஓயாமல் வந்து விழுகிற படங்கள் என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போயிற்று. சுற்றுலாப் பார்வை குறித்து 1990இல் நூல் எழுதிய ஜான் உர்ரி இதை ஒரு வட்டம் என்கிறார். விளம்பரத்தில் பார்த்த படத்தைத் தேடித்தான் ஊர் போகிறோம். போய் அதே படத்தை எடுத்துவந்து, போய்வந்ததற்குச் சாட்சியாகக் காட்டுகிறோம். அப்படியானால் அந்த முதல் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கேமராவுக்கு முன்பே வந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இயற்கை பார்க்கக் கிளம்பிய கனவான்கள் கையில் ஒரு சிறு கண்ணாடி வைத்திருந்தார்கள். சற்றே குவிந்த, நிறம் ஏற்றிய கண்ணாடி. க்ளோத் லோரேன் என்ற ஓவியரின் பெயரால் அதை அழைத்தார்கள். காட்சி வந்ததும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடிக்குள் அது ஓவியம்போலத் தெரிவதை ரசிப்பார்கள். (செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளைக் கேலிசெய்து கவிதை எழுதும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.) இந்த ரசனைக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவரான வில்லியம் கில்பின், டின்டர்ன் மடத்தின் இடிபாட்டைப் பார்த்துவிட்டு, சுவர்முகடுகள் இன்னும் ஒழுங்காகவே இருக்கின்றன, சுத்தியலால் பக்குவமாக நாலு தட்டுத் தட்டினால் அழகு கூடும் என்ற பொருளில் எழுதினார். வேடிக்கையாகத்தான் எழுதினார். ஆனால் பாழ் என்பது அழகு என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. இந்தக் கண்ணைக் கூடவே எடுத்துக்கொண்டுதான் டேனியல்கள் 1790களின் தொடக்கத்தில் மாமல்லபுரம் வரை வந்து வரைந்துகொண்டு போனார்கள்.

பிறகு லினேயஸ் ட்ரைப். கம்பெனிப் படையில் அதிகாரி. சென்னை அரசு அவரைப் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857-58இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். அந்தப் படங்களில் நம் ஊர்கள் இருக்கின்றன, ஊர்க்காரர்கள் அநேகமாக இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்கு நடுவே காற்றுகூட அசையவில்லை. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அவர் பயன்படுத்தியது மெழுகேற்றிய காகித நெகடிவ். ஒளி பதியப் பல நிமிடங்கள் பிடிக்கும். நடந்துபோகிறவன் பதிய மாட்டான், நிற்கிற கல்தான் பதியும். அந்தக் காகிதம் நீல ஒளிக்கு மிகையாக மசிவது. ஆகவே வானம் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் நெகடிவிலேயே தூரிகையால் மேகம் வரைந்து அதைச் சரிசெய்தார். 'உள்ளது உள்ளபடி' என்று நாம் நம்புகிற தொடக்ககாலத் தமிழகப் புகைப்படங்களிலேயே மேகம் கையால் போட்டது.

ஆனால் தொழில்நுட்பத்தை மட்டும் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. வேறிடங்களில் மனிதர்களை அசையாமல் நிறுத்திப் படம் எடுக்கத்தான் செய்தார்கள். 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகளை அரசு வெளியிட்டது. அதில் மனிதர்கள் சாதி சாதியாக, இனம் இனமாக, கீழே குறிப்போடு நிற்கிறார்கள். அங்கே நிலம் இல்லை. நிலத்துக்கு ஒரு ஆல்பம், மனிதர்களுக்கு இன்னொரு ஆல்பம். ஒன்றில் யாருக்கும் சொந்தமில்லாத இடம், மற்றதில் எந்த இடமும் சொந்தமில்லாத மாதிரி உருக்கள். ஆள்கிறவனுக்கு இரண்டும் தனித்தனியாக இருப்பது வசதி. 1957இல் வந்த 'தொன்மவியல்கள்' நூலில் ரோலான் பார்த் ஒரு பயண வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டும்போது இதையேதான் பிடிக்கிறார்: அதில் ஸ்பெயின் என்பது மலையும் நினைவுச்சின்னங்களும், அங்கு வாழும் மனிதர்கள் வெறும் வகைமாதிரிகள்.

நாம் அந்த இரண்டு ஆல்பங்களையும் இன்னும் மூடவில்லை. விடிகாலையில், ஆள் வருவதற்கு முன் எடுத்த கடற்கரை ஒன்று. சுருக்கம் விழுந்த மீனவரின் முகம், நெருக்கத்தில், பின்னணி மங்கலாக, இன்னொன்று. ஒரே சட்டகத்தில் இருவரும் சேர்வது பெரும்பாலும் வலை வீசுகிறவரின் கறுத்த உருவமாகத்தான். வானத்துக்கு ஒளி அளந்தால் முன்னால் நிற்கிற மனிதர் கறுத்துப்போவார், முகம் இருக்காது. இதுவும் தொழில்நுட்பம்தான்.

தமிழ் படித்தவன் என்பதால் இங்கே திணை நினைவுக்கு வராமல் போகாது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். நிலத்துக்குரிய மக்களையும் இதில்தான் சேர்த்து எண்ணினார்கள். உரிப்பொருள் அவர்கள் மனசு. நெய்தல் என்றால் மணலும் அலையும் மட்டுமல்ல. மீன் காயும், உப்பு விளையும், பரதவர் வீட்டுப் பெண் புள்ளோப்பிக்கொண்டிருப்பாள். நம் பயணப் புகைப்படம் முதற்பொருளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. கருப்பொருள் இடைஞ்சல், 'கொஞ்சம் தள்ளி உக்கார்றீங்களாம்மா.' உரிப்பொருளை எடுப்பவனே போட்டுக்கொள்கிறான்: தனிமை, ஏகாந்தம், இன்ன பிற.

இப்படிச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா அன்றே நம்மவர் என்று மார்தட்ட நான் தயாரில்லை. இன்ன நிலத்துக்கு இன்ன மக்கள், இன்ன தொழில் என்று நிறுத்திவைப்பதும் ஒரு சட்டகம்தான். அதிலும் உப்பு விற்கிறவளின் காதல் யாருடைய நாவால் சொல்லப்பட்டது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. ஆனால் ஆளை நீக்கிவிட்டு நிலத்தை அழகு பார்க்கலாம் என்ற எண்ணம் அந்த இலக்கணத்தில் இல்லை. இந்த வித்தியாசம் சின்னதல்ல.

சட்டகம் காகிதத்தோடு நின்றால் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். அது சட்டமாகவும் ஆகிறது. 1958ஆம் ஆண்டுத் தொல்சின்னங்கள் சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும். நூறு மீட்டருக்குள் இருக்கிற பழைய வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். மாமல்லபுரம் போன்ற ஊரில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் கடற்கரைக் கோயிலை ஒட்டி விடுதிகள் எழும்பியிருக்கும். ஆனால் எந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் கோயில் தனியாகத் தெரியும் என்கிற கணக்கும், எந்தத் தூரத்துக்குள் ஒருவன் தன் வீட்டுக்கு மாடி எடுக்க முடியாது என்கிற கணக்கும் எப்படி ஒன்றாகிப்போயின?

தனுஷ்கோடியில் இது இன்னும் பச்சையாக இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. ஊரும் போயிற்று. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீன்பிடிக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். கில்பின் கேட்ட சுத்தியலைப் புயலே எடுத்துக்கொண்டுவிட்டதால் நமக்கு ஒரு பாழ் கிடைத்தது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டம் பெருகியது. கல்யாண ஜோடிகள் அந்தச் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். ஏதோ சோழர் காலத்து இடிபாடுபோல. அந்தக் கோயிலில் பூசை கண்டவர்கள் இருக்கக்கூடிய அளவுக்குத்தான் அதற்கு வயது.

படம் எடுத்து முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: "தம்பி, அதுல எங்க குடிசை விழுந்திருக்கா?" எதற்கு என்றேன். ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாராம். இங்கே குடியிருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். "இத்தன பேரு எடுக்கிறிய, ஒண்ணுலகூடவா விழாமப் போகும்?"

அங்கேயே மணலில் உட்கார்ந்து, எடுத்த முப்பத்துச் சொச்சம் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தோம். ஒன்றில் மட்டும், இடது ஓரத்தில், கூரைமேல் போட்ட நீலத் தார்ப்பாயின் ஒரு மூலை இருந்தது. "இது எங்களுதுதான்" என்றார். எழுந்துபோய்க் குடிசை முன்னால் அவரை நிற்கச் சொன்னேன். தேவாலயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அதை எடுக்க முடிந்தது.