வீட்டுக் கணக்கு – 7: தடைபடாத இரண்டு மணி நேரம்

கணவர் வெளிநாட்டில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்போடு சென்ற வாரக் கட்டுரை முடிந்தது. அந்தத் தீர்ப்பு பார்த்து முடித்த வேலைக்குக் கிடைத்த நியாயம். பிள்ளை இடுப்பில் இருக்கும்போதே தன் கையில் நாலு காசு வேண்டும், தன் பெயரைச் சொல்லி நாலு பேர் தேடி வர வேண்டும் என்று நினைக்கும் தாய்க்கு அதிலிருந்து இன்றைக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. அவளுக்குக் கிடைப்பதெல்லாம் யோசனைகள்தான். சத்துமாவு அரைத்து விற்கலாம், ஆரி வேலை கற்றுக்கொள்ளலாம், பிளவுஸ் தைக்கலாம், மாலையில் டியூஷன் எடுக்கலாம், வாட்ஸ்அப் குழுவில் சேலை ரீசெல்லிங் செய்யலாம். மகளிர் பக்கங்களும் யூடியூப் அலைவரிசைகளும் இந்தப் பட்டியலை ஓயாமல் தருகின்றன. யோசனைக்கோ கைத்திறனுக்கோ நம் பெண்களிடம் பஞ்சம் இல்லை. யாரும் வந்து கூப்பிடாத நேரம்தான் இல்லை. வீட்டில் இருக்கும் தாயின் வருமானமும் அவளுக்கென்ற அடையாளமும் அந்த ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன. அதை அவளே சாமர்த்தியமாகச் சமாளித்து உண்டாக்கிக்கொள்ள முடியாது, வேறொருவர் பொறுப்பேற்றுக் கொடுத்தால்தான் உண்டு. இந்த வாரம் நான் வாதிடப்போவது இதைத்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒருவர் அதில் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் செலவிடுவது 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்களின் சராசரி மட்டுமே. பெண்களில் 81 விழுக்காட்டினர் இந்த வேலையைச் செய்ய, ஆண்களில் செய்பவர்கள் 26 விழுக்காடு. குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் பெண்ணுக்கு அதில் மேலும் 134 நிமிடம் போகிறது. கூட்டினால் ஏழு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஆனாலும் நாளில் 24 மணி நேரம் இருக்கிறதே, தூக்கம் போக மிச்சம் இருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கேதான் சராசரிக் கணக்கு ஒன்றைக் காட்டத் தவறுகிறது. அந்த ஏழு மணி நேரம் ஷிப்ட் போலக் காலையில் தொடங்கி மதியம் முடிந்துவிடுவதில்லை. பால் காய்ச்ச இருபது நிமிடம், பள்ளி வேன் வரும்வரை ஒரு கால்மணி, குழந்தை தூங்கி எழும் இடைவெளியில் துணி துவைப்பது, தண்ணீர் வரும் நேரத்தில் குடம் பிடிப்பது என்று அது நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. எஞ்சும் நேரமும் அதே போலப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடமாகத்தான் எஞ்சும். பத்து நிமிடத்தில் ஒரு பிளவுஸுக்குக் கழுத்து வெட்ட முடியாது. ஆரி ஊசியை எடுத்துச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவதற்குள் குழந்தை எழுந்துவிடும். கடையில் உட்கார்ந்து தைப்பவருக்கும் வீட்டில் தைக்கும் தாய்க்கும் கைவேகத்தில் வித்தியாசம் இல்லை. ஒருவர் தையலிலிருந்து எழ வேண்டியதில்லை, மற்றவர் எழுந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடையூறுக்கு விலை உண்டு, அதை அளந்தும் இருக்கிறார்கள். உகாண்டாவில் சிறு மருந்துக் கடை நடத்தும் பெண்களை ஆராய்ந்தபோது, கைக்குழந்தையைக் கடையிலேயே வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தவர்களின் லாபம், குழந்தை உடன் இல்லாத பெண்களின் லாபத்தில் ஏறத்தாழ பாதிதான் என்று தெரியவந்தது. மேற்கு வங்கத்தில் பெண்களுக்குக் கைப்பேசியில் செய்யும் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அலுவலகத்துக்கு வந்துதான் செய்ய வேண்டும் என்றபோது ஒப்புக்கொண்டவர்கள் 15 விழுக்காடு. வீட்டிலிருந்தே, விரும்பிய நேரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம் என்றதும் 48 விழுக்காட்டினர் முன்வந்தார்கள். அதே ஆய்வில், இப்படி இளக்கிக் கொடுத்த வேலையின் தரம் குறைந்ததும் பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பெண்களுக்கு வேலை வேண்டும், ஆவலோடு வருகிறார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு செய்யும் வேலையில் அவர்களுடைய முழுத்திறனும் இறங்குவதில்லை, கூலியும் அதற்கேற்பவே இருக்கிறது.

வீட்டிலிருந்தபடியே சம்பாதிப்பது கணினி வந்த பிறகு பிறந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றும் பெண்கள் பல தலைமுறையாக அதைத்தான் செய்கிறார்கள். ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் ஏற்றுமதிக் காலணியின் மேல்தோலை வீட்டில் வைத்துத் தைக்கிறார்கள். திருப்பூரில் பனியனின் பிசிறு வெட்டித் தருகிறார்கள். எல்லாமே எண்ணிக்கைக்குக் கூலி. கொட்டகை வாடகை, மின்சாரம், நாற்காலி, கழிப்பறை எதுவும் முதலாளியின் செலவில்லை. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. அதே ஐம்பது பேரும் ஐம்பது வீடுகளில் உட்கார்ந்து அதே சரக்கைச் செய்தால் அந்தக் கடமை யார்மேலும் விழுவதில்லை. காப்பகச் செலவைத் தாய்மார்கள் தம் நேரத்தால் கட்டிவிடுகிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கு மற்றத் தொழிலாளருக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இலேயே 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை. ஆகவே வீட்டுத் தொழிலைப் பெண்களுக்குக் கிடைத்த சலுகையாகப் பேசுபவர்கள், அந்தச் சலுகையின் லாபம் யாருக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அப்படியானால் வீட்டுத் தொழிலே வேண்டாமா, பெண்களே விரும்பிக் கேட்கிறார்களே என்பது நியாயமான மறுப்பு. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மேற்கு வங்க ஆய்விலேயே, வீட்டில் செய்யும் வேலையை ஒருமுறை பழகிய பெண்கள் பிறகு வெளி வேலையை ஏற்கவும் கூடுதலாக முன்வந்தார்கள் என்றும் கண்டிருக்கிறார்கள். வாசலைத் திறந்துவிடும் வேலை என்ற அளவில் அதற்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் இரண்டு வாய்ப்புகளில் ஒன்றை விரும்பிக் கேட்பதற்கும், இருப்பது ஒரே வாய்ப்பு என்பதால் அதைக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. வேலைச் சந்தைக்கு வெளியே இருக்கும் இந்தியப் பெண்களிடம் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு காரணம் கேட்டபோது, பத்துப் பேரில் நான்கு பேருக்கு மேல் குழந்தை வளர்ப்பையும் வீட்டுப் பொறுப்பையும்தான் சொன்னார்கள். பிள்ளையை நம்பி விட ஓர் இடம் தெருமுனையில் இருந்திருந்தால் இவர்கள் எதைக் கேட்டிருப்பார்கள் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு குடும்பத்துக்குள்ளிருந்தே வரும். குடும்பப் பணம் ஒன்றுதானே, அவர் சம்பாதித்தால் என்ன, அவள் சம்பாதித்தால் என்ன, தனிக் கணக்கு எதற்கு என்பார்கள். கேட்க அன்பான பேச்சுதான். ஆனால் பணம் யார் கையில் வருகிறது என்பதைப் பொறுத்து அது போகும் இடம் மாறுகிறது என்பதற்குச் சான்று ஏராளம். பிரிட்டனில் 1970களின் இறுதியில், கணவரின் வரிக்கழிவாக இருந்த குழந்தைச் சலுகையைத் தாயிடம் நேரடியாகக் கொடுக்கும் உதவித்தொகையாக மாற்றினார்கள். வீட்டின் மொத்த வருமானம் பெரிதாக மாறவில்லை. பெண்கள், குழந்தைகள் உடுப்புக்குச் செலவிடும் பங்கு கூடியது. மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலியைக் கணவரின் கணக்குக்கு அனுப்பாமல் பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டு, அதைக் கையாளவும் கற்றுக்கொடுத்தபோது, அந்தப் பெண்கள் நூறு நாள் வேலைக்கும் வெளி வேலைக்கும் முன்னைவிட அதிகமாகப் போனார்கள். இலங்கையில் சிறு தொழில் நடத்துவோருக்கு மானியம் கொடுத்தபோது ஆண்களின் தொழிலில் லாபம் கூடியது, பெண்களின் தொழிலில் சராசரியாகக் கூடவில்லை. பெண்ணுக்கு வியாபாரம் வராது என்று அதற்குப் பொருள் சொன்னவர்கள் உண்டு. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் அதே விவரங்களைத் திரும்ப அலசினார்கள். வீட்டில் தொழில் நடத்துவது அந்தப் பெண் ஒருத்திதான் என்ற குடும்பங்களில் அந்த வேறுபாடே காணவில்லை. கணவருக்கும் தொழில் இருந்த வீடுகளில் பணம் அந்தப் பக்கம் போயிருந்தது. நம் ஊர்களிலும் அவள் மாவு அரைத்து விற்பாள், கியூஆர் அட்டை அவர் கைப்பேசி எண்ணில் இருக்கும் வீடுகள் பல உண்டு. அந்த அட்டையை அவள் கணக்குக்கு மாற்ற ஒரு பகல் போதும். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய்தான் என்றாலும், அது குடும்பத் தலைவியின் கணக்கிலேயே வந்து சேர்வதை நான் முக்கியமாகக் கருதுவதும் இதனால்தான்.

அடையாளம் என்பதும் இங்கிருந்தே தொடங்குகிறது. அரசின் 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில் வேலையில் இருப்பவர்களாக எண்ணப்பட்ட இந்தியப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் குடும்பத் தொழிலில் சம்பளமில்லாத உதவியாளர்கள். கடை, பட்டறை, வயல் எல்லாம் வேறொருவர் பெயரில் இருக்கிறது. சிறிய அளவில் விற்கும் உணவுத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க ஆகும் கட்டணம் சொற்பம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. இந்தத் தாள்கள் அவள் பெயரில் இருந்தால் நாளைக்குக் கடன் கேட்கவும் கடை பிடிக்கவும் அவளுக்கு ஒரு வரலாறு இருக்கும். ஆனால் அடையாளத்தைச் சம்பாத்தியத்தோடு மட்டும் கட்டிவிடுவதையும் நான் ஏற்கவில்லை. சம்பாதிக்காத தாய்க்கும் தனக்கென்று ஒரு மனம் உண்டு. பாட்டு, படிப்பு, தோழிகள், வெறுமனே ஒரு மதியத் தூக்கம் எதுவும் அதில் இருக்கலாம். அந்த மனம் மலரவும் பிறர் துணை வேண்டும். எழுத்தாளர் வை.மு. கோதைநாயகி அம்மாளுக்குச் சிறு வயதில் மணம் முடிந்துவிட்டது. எழுதப் பழகாத காலத்தில் அவர் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொடுத்ததுதான் அவருடைய முதல் நாடகம். கணவரின் துணையோடு 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவரது மேதைமையைப் போற்றும் நாம், அந்தத் தோழியின் கையையும் கணவரின் துணையையும் மறந்துவிடுகிறோம். தன்னந்தனியாகச் சமாளித்து அவர் எழுத்தாளர் ஆகவில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு குழந்தையைப் பற்றியது. சின்னக் குழந்தைக்குத் தாய்தானே வேண்டும், இரண்டு மணி நேரம் என்று தொடங்கிப் பிள்ளையை அனாதையாக்கிவிடுவீர்களா என்று கேட்பார்கள். இந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியபோது வேலைக்குப் போகும் தாய்மார் எண்ணிக்கை நன்றாகவே உயர்ந்தது. அதே சமயம் பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாகவும் ஆய்வுகள் சொல்லின. அவசரமாகப் பெருக்கிய காப்பகங்களில் தரம் சீராக இல்லை. ஆகவே காப்பகம் வேண்டும் என்று கேட்பவர்கள் நல்ல காப்பகம் வேண்டும் என்று கேட்க வேண்டும். பயிற்சி பெற்ற, முறையான சம்பளம் வாங்கும் ஆட்கள் இல்லாத இடத்தில் பிள்ளையை விடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் நாளெல்லாம் தாய் ஒருத்தியே குழந்தையைப் பார்த்த வழக்கம் நம்மிடம் எப்போதும் இருந்ததில்லை. அத்தையும் சித்தியும் பாட்டியும் பக்கத்து வீட்டு அக்காவும் தூக்கி வளர்த்த பிள்ளைகள்தான் நாமெல்லாம். நகரத்து இரண்டு அறை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் மட்டும் பிள்ளை வளர்ப்பதுதான் புதிது. அந்தப் பழைய ஏற்பாட்டிலும் ஒரு குறை இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்: ஒரு பெண்ணின் பாரம் இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறியதே தவிர ஆணின் பக்கம் வரவில்லை. முழங்கால் வலியோடு பேரனைத் தூக்கும் மாமியாருக்கும் தனக்கென்ற நேரம் கிடைத்ததில்லை. அவரிடம் கேட்பதற்கு முன், நாளுக்கு 97 நிமிடம் வீட்டு வேலை செய்பவரிடம் கேட்பதுதான் முறை.

வீட்டுக்குள் செய்ய வேண்டியது தெளிவானது. தந்தை தினமும் ஒரே நேரத்தில், உதவியாக அல்லாமல் முழுப் பொறுப்பாக, இரண்டு மணி நேரம் பிள்ளையை ஏற்க வேண்டும்; அந்த நேரத்தில் சட்டை எங்கே, பால்புட்டி எங்கே என்று அவளைக் கேட்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே செய்ய வேண்டியதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் நடக்கின்றன. கட்டடம் இருக்கிறது, சமையல் இருக்கிறது, ஊரார் நம்பும் பணியாளர் இருக்கிறார். ஆனால் பகல் முழுக்கப் பிள்ளையை விடுவதானால் இரண்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும். மாலை ஆவதற்குள் மூடிவிடுவார்கள். ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஏற்கும் அங்கன்வாடிக் காப்பகங்களுக்கு ஒன்றிய அரசின் ‘பால்னா’ திட்டத்தில் இடம் உண்டு. தர்மபுரியில் 1989இல் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் கடனுக்காகவும் சந்தைக்காகவும் கூடிப் பேசப் பழகியவை. கடன் கேட்கும் அதே கூட்டத்தில் காப்பகத்தையும் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்துக்கு உங்கள் குழுவோடு போங்கள். நம் ஊர் அங்கன்வாடி கைக்குழந்தையையும் ஏற்க வேண்டும், மாலை ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும், அதற்குக் கூடுதல் பணியாளரை உரிய சம்பளத்தில் அமர்த்த வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லி, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.