காலி பாக்கெட்டின் விலை

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினம் கடைத்தெருவில் எந்தப் பெட்டிக்கடை முன் நின்றாலும் முதலில் கண்ணில் படுவது கடைக்காரர் முகமல்ல, சரம்சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள்தான். ஷாம்பு, காப்பித்தூள், ஊறுகாய், துணி சோப்புத்தூள். "அண்ணே, ரெண்டு ஷாம்பு கிழிங்க" என்கிறாள் குப்பத்திலிருந்து வந்த பெண். 'குடுங்க' அல்ல, 'கிழிங்க'. வாங்குகிற வினைச்சொல்லையே பாக்கெட் மாற்றிவிட்டது. இந்தச் சின்னப் பொருளைப் பற்றி இரண்டு கதையாடல்கள் நம்மிடையே உலவுகின்றன. ஒன்று சந்தைக்காரர்களுடையது, மற்றது நம்முடையது. இரண்டுமே ஒரு விஷயத்தைப் பார்க்க மறுக்கின்றன.

முதல் கதை இதே கடற்கரையில் தெற்கே, கடலூரில் தொடங்குகிறது. டால்கம் பவுடரையும் எப்சம் உப்பையும் சிறுசிறு அளவுகளில் விற்றுப்பார்த்தவர் சின்னிகிருஷ்ணன். கூலிக்காரரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடிகிற பொருளாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குப் பின் குடும்பத்தார் 'வெல்வெட்' ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தனர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கியதுதான், தந்தை பெயரைச் சுருக்கிப் பெயர் வைத்த 'சிக்' ஷாம்பு. ஊர் ஊராகப் போய் ஒரு பையனுக்கு எல்லோர் முன்னிலையிலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டி, கூட்டத்தைத் தொட்டுப்பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படக் காட்சிகளில் இலவசப் பாக்கெட் கொடுத்தார்கள். 1999-இல் 50 காசுக்குப் பாக்கெட் வந்தது. 2004-இல் கோயம்புத்தூரில் பிறந்த மேலாண்மைப் பேராசிரியர் சி.கே. பிரகலாத், பிரமிடின் அடித்தட்டில் செல்வம் இருக்கிறது என்று புத்தகமே எழுதியபோது, இந்தச் சரத்துக்குக் கோட்பாட்டு அந்தஸ்தும் கிடைத்துவிட்டது.

சந்தைப்படுத்தலின் கண் உண்மையில் எதைக் கண்டுபிடித்தது? ஏழையிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்பதையல்ல, அது எந்த நாளில் இருக்கிறது என்பதை. பாட்டில் என்பது மாதச் சம்பளத்தின் வடிவம். அணுமின் நிலைய நகரியத்துக்கு அது பொருந்தும். பாடு கிடைத்த அன்றைக்குத்தான் காசு என்றிருக்கிற மீனவருக்கும், ஒப்பந்தக் கூலிக்கும் பாக்கெட்தான் பொருந்தும். ஆனால் இது பெட்டிக்கடைக்குப் புது ஞானமில்லை. அரைக்கால் லிட்டர் எண்ணெயும் ஒரு வேளைக்கு டீத்தூளும் அவர் காலங்காலமாக அளந்து கொடுத்தவர்தான். பொட்டலத்தில் கடைக்காரரின் கை இருந்தது. அளவில் ஏமாற்று இருந்தது, கொசுறும் இருந்தது. பாக்கெட் அந்தக் கையை அகற்றிவிட்டு, நம்பிக்கையைக் கடையிலிருந்து கம்பெனிக்கு மாற்றியது. கொசுறு, 'கூடுதல் இலவசம்' என்ற அச்செழுத்தாகத் திரும்பி வந்தது.

இனி நம் கதை. 'நுகர்வு வெறி', 'பொய்த் தேவை', 'சீயக்காயை அழித்த பன்னாட்டு மூலதனம்' என்று எழுதிக்கொண்டே இருக்கிறோம். சீயக்காயைக் காயவைத்து, இடித்து, சலித்தது யார் என்று கேட்டுக்கொண்டோமா? தன் தலைமுடி மணக்க வேண்டும் என்று ஒரு கூலிக்காரப் பெண் நினைப்பது எப்படிப் பொய்த் தேவை ஆகும்? ஊருக்கும் சேரிக்கும் ஒரே சரத்திலிருந்துதான் கிழித்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சின்னச் சமத்துவத்தைக் கேலி செய்கிற உரிமை நமக்கில்லை.

சிறு அளவில் வாங்குகிற ஏழைதான் அதிக விலை தருகிறாள் என்ற வழக்கமான வாதமும் இங்கே முழுதாக நிற்காது. இந்தியாவில் ஷாம்புவைப் பொறுத்தவரை மில்லி கணக்கில் பாட்டிலைவிடப் பாக்கெட்டே மலிவாக இருப்பது சகஜம். நகரியத்துக் குளியலறைகளிலும் சரம் தொங்குவதற்குக் காரணம் இதுதான். பாக்கெட்டின் விலையை நிர்ணயிப்பது நாணயம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று நாணயத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, செலவு கூடும்போது உள்ளே இருக்கும் மில்லியைக் குறைப்பார்கள். 2025 செப்டம்பரில் ஷாம்பு மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானபோது, கணக்குப்படி 2 ரூபாய் பாக்கெட் ஏறக்குறைய 1 ரூபாய் 78 காசுக்கு வர வேண்டும். அந்தச் சில்லறைக்கு நாணயம் எங்கே?

அப்படியானால் ஏமாற்று எங்கே நடக்கிறது? விலைக்குள் அல்ல, விலைக்கு வெளியே. வெளியே பாலியஸ்டர், உள்ளே பாலிதீன், சிலவற்றில் நடுவே உலோகப் பூச்சு. இந்த அடுக்குகளைப் பிரித்தெடுப்பது கஷ்டம். பழைய பேப்பர், பாட்டில் எடுக்கிறவர் இதைத் தொடமாட்டார், எடைக்குப் போட்டால் ஒன்றும் தேறாது. பாலாற்றில் வெள்ளம் வந்தால் உள்நாட்டுக் குப்பை வயலூர் முகத்துவாரத்தில் கடலுக்கு வருகிறது. கரைவலையில் மீனோடு பாக்கெட்டும் ஏறுகிறது. வலையிலிருந்து அதை உதறி எடுக்கிற நேரம் எந்தக் கம்பெனிக் கணக்கிலும் இல்லை. ஷாம்பு ஒரு ரூபாய்க்குக் கிடைப்பது, உறையின் செலவைக் கரை ஏற்றுக்கொள்வதால்தான்.

சட்டம் என்ன செய்தது? 2016-இன் மத்திய விதிகள், மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை இரண்டாண்டில் ஒழிக்கச் சொன்னது. 2018 திருத்தம், எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலும் போதும் என்று தளர்த்திவிட்டது. 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டின் தடை, பூ விற்கும் பெண்ணின் கைப்பையைப் பிடித்தது. கம்பெனி உறைக்குத் தொடக்கத்தில் விலக்கு. 2022 ஜூலை 1-இன் தேசியத் தடைப் பட்டியலில் உறிஞ்சுகுழல் உண்டு, ஷாம்பு பாக்கெட் இல்லை. அதே ஆண்டின் விதிகள்படி, உற்பத்தியாளர் வேறெங்கோ கையாளப்பட்ட பிளாஸ்டிக்குக்கான சான்றிதழை வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளலாம். மெய்யூர்குப்பத்து மணலில் கிடப்பது அங்கேயே கிடக்கும்.

"லட்சக்கணக்கான கடைகள், இத்தனை சின்ன உறை, எப்படிச் சார் திரும்பச் சேகரிப்பது?" என்பார்கள். இங்கேதான் சந்தைப்படுத்தலின் சொந்த வரலாற்றை அதற்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. சிக் ஷாம்பு வளர்ந்த கதையில் முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டானாலும் சிலவற்றைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். விற்பனை பலமடங்கு எகிறியது. ஆக, காலிப் பாக்கெட்டுக்கு அன்று விலை இருந்தது. ஜனங்கள் அதைச் சேர்த்து வைத்தார்கள், கடைக்காரர் வாங்கி வைத்தார். போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளரை இழுக்க வேண்டியிருந்த வரை குப்பை சரக்காக இருந்தது. இழுத்து முடிந்ததும் அது மறுபடி குப்பையானது.

ஆக, வழி தெரியாமலில்லை. சரம் கடைக்கு வருகிற வண்டி காலியாகத்தான் திரும்புகிறது. நாம் கேட்க வேண்டியது பாக்கெட்டை ஒழி என்றல்ல. ஒழித்தால் முதலில் ஷாம்பு இழப்பவள் குப்பத்துப் பெண்தான். கேட்க வேண்டியது, காலிப் பாக்கெட்டுக்கு மறுபடி ஒரு விலை வை, அதைக் கடையிலேயே கொடு என்பது. அந்த விலையைச் சேர்த்த பிறகும் ஒரு ரூபாய்க்கு விற்க முடிகிறதா என்று அப்போது பார்க்கலாம்.